உடற்கொழுப்பை மதிப்பிடும் மின்னோட்டம்: கருவியின் பயனும் வரம்பும்

ஒருவருடைய எடை எவ்வளவு என்பதைத் தராசு கூறிவிடும். அந்த எடையில் கொழுப்பின் பங்கு எவ்வளவு, தசை, எலும்பு, நீர் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பதை அது கூறாது. 60 கிலோ எடையுள்ள இருவரில் ஒருவருடைய உடலில் 9 கிலோ கொழுப்பும் மற்றவருடைய உடலில் 18 கிலோ கொழுப்பும் இருக்கக்கூடும். தராசுக்கு இருவரும் ஒன்றே. ஆனால் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை இவ்விருவரையும் ஒன்றாக நடத்துவதில்லை. எனவே உடற்கொழுப்பை அளக்கும் வழி யாது என்ற கேள்வி மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. நோய்த் தடுப்புக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடும் ஒரு நாடு, யாரைத் தேடிச் சென்று காக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதும் இந்த அளவையைப் பொறுத்தே அமைகிறது.

இன்று மருந்துக் கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் ஒரு கருவி காணப்படுகிறது. அதன்மேல் வெறுங்காலுடன் ஏறி நின்றால், சில விநாடிகளில் உடற்கொழுப்பு இத்தனை சதவிகிதம் என்று எண் தோன்றும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், நம் நாட்டின் தேவைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

மெலிந்த தோற்றமும் மறைந்த கொழுப்பும்

உயரத்துக்கு ஏற்ற எடை என்ற கருத்தை எண்ணாக வடித்துத் தந்தவர் பெல்ஜிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் அடால்ப் கெத்தலே. கிலோவில் கூறப்படும் எடையை, மீட்டரில் கூறப்படும் உயரத்தின் இருமடியால் வகுக்க வேண்டும் என்ற அவரது விகிதம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. 1972இல் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் அதற்கு உடல் நிறைக் குறியீட்டெண் என்ற பெயரை வழங்கினார். 18.5க்குக் கீழ் மெலிவு, 25க்கு மேல் மிகை எடை, 30க்கு மேல் உடற்பருமன் என்பவை உலக அளவில் வழக்கிலுள்ள எல்லைகள். கெத்தலே தேடியது மக்கள் தொகுதியின் சராசரியையே. தனி மனிதருடைய நோயைக் கண்டறிய அவர் இந்த விகிதத்தை வகுக்கவில்லை.

இந்த எல்லைகள் இந்தியருக்குப் பொருந்துமா என்ற ஐயம் நெடுங்காலமாக இருந்துவந்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு பக்கக் குறிப்பு இதை எவரும் மறக்க இயலாதபடி எடுத்துக்காட்டியது. புனே நகரின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஜான் யட்கின் ஆகிய இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயருடைய உடலில் இருந்த கொழுப்பு 9.1 சதவிகிதம், இந்தியருடைய உடலில் இருந்ததோ 21.2 சதவிகிதம். குறியீட்டெண்ணின்படி இருவரும் நலமான எடையுடையவர்கள். கொழுப்பின்படி ஒருவர் மற்றவரைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்டவர்.

இந்த வேறுபாடு பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதையும் புனே ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். 1993இல் புனே மாவட்டக் கிராமங்களில் தொடங்கிய தாய்மை ஊட்ட ஆய்வில், குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ. ஒப்பிட எடுத்துக்கொண்ட இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு அது 3.5 கிலோ. புனே குழந்தைகளின் தசையும் வயிற்றுப் பகுதியும் பெரிதும் சுருங்கியிருந்தன. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஊட்டக் குறைவுள்ள கருப்பையில் குழந்தை தசையை இழந்து கொழுப்பைக் காத்துக்கொள்கிறது. வறுமையின் தடம் பிற்காலத்தில் நீரிழிவாக வெளிப்படுவதற்கு இது ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

இவற்றைக் கருதியே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களைப் பொதுநல நடவடிக்கைக்குரிய கூடுதல் எல்லைகளாகச் சேர்த்தது. 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23 முதல் மிகை எடை, 25 முதல் உடற்பருமன் என வரையறுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை தேவை எனவும் கூறினர்.

இருமுனைச் சுமை

நாட்டின் நிலையைப் புள்ளிவிவரங்கள் விளக்குகின்றன. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 18.7 சதவிகிதத்தினர் மெலிந்தவர்கள்; 24 சதவிகிதத்தினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். ஆண்களில் இவை முறையே 16.2, 22.9 சதவிகிதம். 2015-16இல் நடந்த முந்தைய ஆய்வில் மிகை எடையுடைய பெண்கள் 20.6 சதவிகிதம், ஆண்கள் 18.9 சதவிகிதம். ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே வீட்டில், பற்றாக்குறையும் மிகையும் சேர்ந்து வாழ்கின்றன.

ஐந்தாவது ஆய்வில் முதன்முறையாக இடுப்பும் பிட்டமும் அளக்கப்பட்டன. இடுப்பு–பிட்டச் சுற்றளவு விகிதம் ஆபத்தான எல்லையில் இருந்த பெண்கள் 56.7 சதவிகிதம்; ஆண்கள் 47.7 சதவிகிதம். எடையின்படி மிகையானவர்கள் ஏறத்தாழ நாலில் ஒருவர். வயிற்றின்படி ஆபத்தானவர்கள் ஏறத்தாழ இருவரில் ஒருவர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள பெரிய இடைவெளியில்தான் நம் பிரச்சினை அடங்கியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையுடன் நடந்து 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, நீரிழிவுடையோர் 10 கோடியே 10 இலட்சம், அதாவது வயது வந்தோரில் 11.4 சதவிகிதம் என மதிப்பிட்டது. பொதுவான உடற்பருமன் 28.6 சதவிகிதம் என்றும் வயிற்றுப் பருமன் 39.5 சதவிகிதம் என்றும் அதே ஆய்வு கூறியது.

மின்னோட்டம் எவ்வாறு அளக்கிறது?

உயிருள்ள மனிதரின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நிறுக்க இயலாது. ஆகவே எல்லா முறைகளும் மறைமுக முறைகளே. நீரில் மூழ்கவைத்து எடை பார்த்து உடலின் அடர்த்தியைக் கணக்கிடுவது பழைய முறை. 1961இல் வில்லியம் சிரி தந்த சூத்திரப்படி, 495ஐ அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் கொழுப்புச் சதவிகிதம் கிடைக்கும்; அடர்த்தி 1.05 என்றால் கொழுப்பு 21.4 சதவிகிதம். சிறிதளவு கனநீரைப் பருகச் செய்து உடல்நீரில் அது எந்த அளவு கலக்கிறது எனக் காண்பது மற்றொரு முறை. இருவகை ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் காண்பது வேறொரு முறை. இவை அனைத்துக்கும் ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற பணியாளரும் பெருஞ்செலவும் தேவை. ஒரு கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றை எதிர்பார்க்க முடியாது.

மின்னோட்ட முறை இந்தக் குறையை நீக்க வந்தது. பிரெஞ்சு மருத்துவர் தோமாசே 1960களின் தொடக்கத்தில் உடலின் மின்மறிப்பைக் கொண்டு உடல்நீரை அறிய முயன்றார். 1969இல் ஹாஃபரும் அவருடைய சகாக்களும் உடலின் மின்மறிப்புக்கும் மொத்த உடல்நீருக்கும் உள்ள நெருங்கிய தொடர்பைக் காட்டினர். 1980களில் இது கையடக்கக் கருவியாகிப் பல நாடுகளில் பரவியது.

இதன் அடிப்படை எளியது. நீரும் அதில் கரைந்துள்ள உப்புகளும் மின்சாரத்தை எளிதில் கடத்தும். தசை முதலிய கொழுப்பற்ற திசுக்களில் நீர் மிகுதி; கொழுப்பில் நீர் மிகக் குறைவு. படுத்திருப்பவருடைய கையிலும் காலிலும் நான்கு மின்முனைகளைப் பொருத்தி, ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். அதன் அதிர்வெண் பெரும்பாலும் 50 கிலோ ஹெர்ட்ஸ். உடலுக்கு அது உணர்வதற்கும் அரியது. உடல் காட்டும் தடை ஓம் கணக்கில் பதிவாகும். குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உயிரணுக்களுக்கு வெளியேயுள்ள நீர் வழியாகவே செல்லும். அதிர்வெண் உயர உயர உயிரணுச் சவ்வைக் கடந்து உள்நீரையும் எட்டும். ஆகவே சில கருவிகள் பல அதிர்வெண்களில் அளக்கின்றன.

நீண்ட குழாயில் தடை அதிகம். அகன்ற குழாயில் தடை குறைவு. உடலை ஒரு குழாயாகப் பாவித்தால், உயரத்தின் இருமடியைத் தடையால் வகுத்துவரும் ஈவு உடல்நீரின் பருமனைச் சுட்டும். 165 சென்டிமீட்டர் உயரமும் 500 ஓம் தடையும் உடையவருக்கு இந்த ஈவு 54.45. தடை 550 ஓம் என்றால் அது 49.5 ஆகக் குறையும். இந்த ஈவுடன் எடை, வயது, பால் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சமன்பாட்டின் மூலம் உடல்நீர் மதிப்பிடப்படுகிறது. கொழுப்பற்ற உடற்பகுதியில் 73 சதவிகிதம் நீர் என்ற கருதுகோளின்படி அப்பகுதியின் எடையும், அதை மொத்த எடையிலிருந்து கழித்துக் கொழுப்பும் கணக்கிடப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ள ஒருவருடைய உடல்நீர் 33 லிட்டர் என மதிப்பிடப்பட்டால், கொழுப்பற்ற பகுதி 45.2 கிலோ, கொழுப்பு 14.8 கிலோ, அதாவது 24.7 சதவிகிதம். நீர் மதிப்பீட்டில் ஒரே ஒரு லிட்டர் பிழை நேர்ந்து 34 எனக் கொள்ளப்பட்டால், கொழுப்பு 13.4 கிலோவாக, 22.4 சதவிகிதமாக இறங்கிவிடும். உடலில் கொழுப்பு ஒரு கிராம்கூடக் குறையாமலேயே கணக்கில் 1.4 கிலோ குறைந்துவிடுகிறது. கருவி அளப்பது தடையை மட்டுமே; கொழுப்பு என்பது தடையிலிருந்து இரண்டு மூன்று படிகள் தாண்டிப் பெறப்படும் ஊகம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

முறையின் வரம்புகள்

முதல் வரம்பு நீர் பற்றியது. உண்ட உணவு, பருகிய நீர், செய்த உடற்பயிற்சி, தோலின் வெப்பம், படுத்திருந்த நேரம் ஆகிய அனைத்தும் தடையை மாற்றுகின்றன. உடலில் நீர் வற்றியிருந்தால் தடை உயர்ந்து, கொழுப்பு அதிகமாகத் தோன்றும். வீக்கத்தால் நீர் தங்கியிருந்தால் கொழுப்பு குறைவாகத் தோன்றும். பிறந்த குழந்தையின் கொழுப்பற்ற பகுதியில் நீர் ஏறத்தாழ 80 சதவிகிதம். ஆதலின் பெரியவருக்கான 73 சதவிகிதக் கணக்கு குழந்தைக்கு ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் சாதாரணச் சமன்பாடு பொருந்தாது. இதயத் துடிப்பு முடுக்கி பொருத்தப்பட்டவர்களிடம் இக்கருவியைப் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது வரம்பு உடலின் அமைப்பு பற்றியது. உடல் ஒரே குழாய் அன்று. மெல்லிய கை, பருத்த நடுவுடல், நீண்ட கால் ஆகிய ஐந்து குழாய்களின் தொகுதி. எடையில் ஏறத்தாழ பாதி நடுவுடலைச் சேர்ந்தது. ஆனால் அது அகன்று இருப்பதால் மொத்தத் தடையில் அதன் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றே. கருவி காட்டும் தடை பெரும்பாலும் கை கால்களின் தடையேயாகும். வயிற்றில் சேரும் கொழுப்பு அதன் பார்வைக்கு எளிதில் படுவதில்லை. ஏறி நிற்கும் தராசு வகைக் கருவியில் மின்னோட்டம் ஒரு காலில் நுழைந்து மறு காலில் வெளியேறிவிடும். மேலுடல் பற்றி அது கூறுவது முழுவதும் அனுமானமே. இந்தியரை அச்சுறுத்துவது வயிற்றுக் கொழுப்பு. இந்த முறை மிகவும் வலுவிழப்பதும் அதே இடத்தில்தான்.

மூன்றாவது வரம்பு சமன்பாட்டைப் பற்றியது. ஒவ்வொரு சமன்பாடும் ஏதேனும் ஒரு மக்கள் தொகுதியை ஆய்வுக்கூடத்தில் அளந்து பெறப்பட்டது. அத்தொகுதியினரின் உடலமைப்பும் கை கால் விகிதமும் அதனுள் பொதிந்திருக்கின்றன. வேறொரு மக்கள் தொகுதிக்கு அதை அப்படியே கையாண்டால் பிழை ஒரே திசையில் சாயும். பலரை அளந்து சராசரி கண்டாலும் அத்தகைய பிழை நீங்காது.

அணாவாரியும் அறுவடைப் பரிசோதனையும்

இந்த இடர்ப்பாடு நம் நாட்டுப் புள்ளியியலுக்குப் புதியதன்று. ஒரு காலத்தில் பயிர் விளைச்சல் அணாவாரியாக மதிப்பிடப்பட்டது. நல்ல விளைச்சலைப் பதினாறு அணா எனக் கொண்டு, இவ்வாண்டு பத்து அணா, பன்னிரண்டு அணா என்று கிராம அலுவலர் கண்ணால் கண்டு எழுதினார். 1940களில் பி. வி. சுகாத்மே, பி. சி. மகாலனோபிஸ் ஆகியோர் மாதிரி வயல்களில் குறிப்பிட்ட பரப்பை அறுவடை செய்து நிறுக்கும் முறையை விரிவாக நிலைநாட்டினர். மதிப்பீட்டை வயலில் வைத்தே சரிபார்க்கும் வழி அவ்வாறு உருவாயிற்று.

இவ்விருவருமே மனித உடலை அளப்பதிலும் ஈடுபட்டவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மகாலனோபிஸின் தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று, கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உயரத்தைப் பற்றி 1922இல் வெளிவந்தது. பின்னாளில் உலக உணவு விவசாய நிறுவனத்தின் புள்ளியியல் பிரிவுக்குத் தலைமை வகித்த சுகாத்மே, 1970களில் மற்றொரு வாதத்தை எழுப்பினார். சராசரிக் கலோரித் தேவை ஒன்றை எல்லோருக்கும் உரிய வரம்பாகக் கொண்டு ஊட்டக்குறைவுடையோரைக் கணக்கிடுவது தவறு என்றார். அந்த வாதத்தின் முடிவுகளைப் பலர் ஏற்கவில்லை. எனினும் சராசரியைத் தனி மனிதர்மேல் சுமத்தலாகாது என்ற எச்சரிக்கை இன்றும் பொருளுடையது.

வெளிநாட்டுச் சமன்பாட்டைக் கொண்டு இந்தியரின் கொழுப்பைக் கூறுவது அணாவாரிக்கு ஒப்பானது. கனநீர் முறையோ எக்ஸ் கதிர் முறையோ கொண்டு பல மாநிலங்களில், பல தொழில்களில், பல வயதுகளில் உள்ளவர்களை அளந்து, கருவியின் மதிப்பீட்டுடன் ஒப்பிடுவதே இத்துறையின் அறுவடைப் பரிசோதனை. வணிகத் தராசுக்கு முத்திரை இடும் முறை நாட்டில் உண்டு. அம்முத்திரை எடைக்கு உரியது. தராசின் உள்ளே ஒளிந்திருக்கும் சமன்பாட்டுக்கு உரியதன்று. எந்த மக்களை அளந்து பெற்ற சமன்பாடு இது என்பதைக் கருவி செய்வோர் வெளிப்படையாகக் கூறவேண்டும் எனக் கேட்பது நுகர்வோரின் உரிமையேயாகும்.

எங்கே பயன்படும்?

இவற்றால் இம்முறை பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. 1994 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, பெரும்பாலான சூழ்நிலைகளில் இது உடல்நீரை நம்பத்தக்கவாறு மதிப்பிடுகிறது என்றும், குறுகிய கால மாற்றங்களை அளக்க ஏற்றதன்று என்றும் கருத்துத் தெரிவித்தது. ஆய்வுகளில் மக்கள் தொகுதிகளின் சராசரியை ஒப்பிடவும், ஒரே மனிதரை ஒரே கருவியால், ஒரே வேளையில், ஒரே நிலையில் பல மாதங்கள் தொடர்ந்து கவனிக்கவும் இது உதவும். சிறுநீரக நோயாளிகளின் உடலில் தங்கும் நீரைக் கண்காணிப்பதிலும் இதற்கு இடமுண்டு. காலையில் ஒரு எண்ணையும் மாலையில் ஒரு எண்ணையும் பார்த்து மகிழ்வதற்கோ வருந்துவதற்கோ இது ஏற்ற கருவி அன்று.

2025 ஜனவரியில் வெளிவந்த லான்செட் வல்லுநர் ஆணையத்தின் அறிக்கை, குறியீட்டெண்ணை மட்டும் கொண்டு தனி மனிதருக்கு உடற்பருமன் என முடிவு செய்யலாகாது என்று கூறுகிறது. இடுப்பளவு போன்ற மற்றோர் அளவாலோ, வசதியுள்ள இடங்களில் கொழுப்பை நேராக அளந்தோ அதை உறுதி செய்யவேண்டும் என்பது அதன் பரிந்துரை.

இங்கேதான் செலவைப் பற்றிய கேள்வி எழுகிறது. முப்பது வயதுக்கு மேற்பட்டோரைத் தொற்றா நோய்களுக்காகப் பரிசோதிக்கும் திட்டத்தில், ஆஷா பணியாளர் வீடு வீடாகச் சென்று நிரப்பும் படிவத்தில் இடுப்புச் சுற்றளவுக்கு ஓர் இடம் ஏற்கெனவே உண்டு. அதற்கு வேண்டியது ஓர் அளவு நாடா மட்டுமே. மின்சாரம் வேண்டாம், சமன்பாடு வேண்டாம், உண்ட உணவாலும் பருகிய நீராலும் பெரும் மாற்றம் ஏற்படாது. மின்னோட்டம் காணத் தவறும் நடுவுடலையே நாடா சுற்றி வருகிறது. ஆனால் நாடாவுக்கும் பயிற்சி தேவை. கீழ் விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். சேலை மடிப்பின்மேல் அளந்த அளவு அளவாகாது. ஆகவே பெண்களைப் பெண் பணியாளரே மறைவான இடத்தில் அளப்பதற்கு வசதி செய்யப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை இரண்டு. கிராம அளவில் நாடாவைச் செம்மையாகக் கையாளப் பயிற்சி அளித்து, படிவத்தில் எழுதப்படும் எண்களை மாதிரி முறையில் மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும். ஆராய்ச்சி நிலையங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும் மின்னோட்டக் கருவியைப் பயன்படுத்தி, இந்திய மக்களுக்கே உரிய சமன்பாடுகளை வட்டாரந்தோறும் உருவாக்கிப் பொதுவில் வெளியிட வேண்டும். முதலாவது இன்றைய தேவை; இரண்டாவது நாளைய முதலீடு. முதலாவதற்கு ஆகும் செலவைக் குறைத்து இரண்டாவதற்குக் கருவிகள் வாங்குவது பொருளாதார நோக்கில் பொருந்தாது.

1.64 மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவருடைய குறியீட்டெண் 22.3. எந்தப் பட்டியலிலும் அவர் நோயாளியாக இடம்பெறமாட்டார். வயல் வேலையை விட்டு நகரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்தவராக அவர் இருக்கலாம், பிறந்தபோது 2.7 கிலோவுக்கும் குறைவாக இருந்தவராகவும் இருக்கலாம். அவருடைய இடுப்பளவு 90 சென்டிமீட்டரைக் கடந்துவிட்டது என்பதை யாரேனும் ஒருவர் உரிய காலத்தில் அளந்து கூறினால், நீரிழிவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும். அளவைகளின் மதிப்பு அவற்றின் நுட்பத்தால் மட்டும் அமைவதில்லை. தேவையுள்ள மனிதரை உரிய வேளையில் அவை சென்றடைகின்றனவா என்பதே அவற்றுக்கு உரைகல்லாகும்.